கொரோனா காலத்து இரண்டாயிரம் உங்களுக்கு வந்ததா? பி.எம். கிசான் பணத்தைச் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

2021 பொங்கல் முடிந்த வாரம். பக்கத்துத் தோட்டத்து அத்தை ஒரு மஞ்சள் பையோடு வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தார். பையில் மாமாவுடைய பாஸ்புக், தன்னுடைய பாஸ்புக், நாலைந்து ஆதார் நகல்கள், ரப்பர் பேண்ட் போட்ட சொசைட்டி ரசீதுகள். "கண்ணு, கொரோனாவுல வெவசாயிகளுக்கெல்லாம் ரெண்டாயிரம் போட்டாங்களாமா. எனக்கு மட்டும் ஏன் வரலைன்னு பாரு" என்றார்.

பார்த்தேன். மாமா 2019 ஐப்பசியில் காலமாகிவிட்டார். பட்டா அவர் பெயரிலேயே இருந்தது. விவசாயிகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை தரும் பி.எம். கிசான் திட்டத்தின் பதிவும் அவர் பெயரில். அவருடைய வங்கிக் கணக்கையோ ஏற்கெனவே முடித்தாயிற்று. ஊரடங்கில் தார் வெட்ட ஆள் கிடைக்காமல், வெட்டிய தாரை ஏற்ற வண்டி வராமல், ஒன்றரை ஏக்கர் வாழையை அத்தை தனியாளாகப் பார்த்துக்கொண்டார். ஆனால் அரசாங்கத்தின் கம்ப்யூட்டரில் அவர் விவசாயியே இல்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க்காரர்களின் கணக்கைப் பார்த்துக் கொடுக்கிறேன். இத்தனை பாஸ்புக்குகளைப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். அந்த நேரத்தில் யாருக்குப் பணம் வந்தது, யாருக்கு வரவில்லை என்பதற்கும் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. பட்டா, ஆதார், வங்கிக் கணக்கு இந்த மூன்றும் பொருந்தியிருந்தவருக்கு வந்தது. மற்றவருக்கு நின்றது. நின்றுபோன பணத்தில் ஒரு பகுதியை இன்றும் கேட்டு வாங்க விதியில் இடம் இருக்கிறது. அதையும், இனி வரவேண்டிய தவணை நிற்காமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்பதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், அது என்ன பணம்?

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தது. மார்ச் 26 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய் நிவாரணத் திட்டம் ஒன்றை அறிவித்தார். விவசாயிகளுக்கு அதில் இருந்தது: பி.எம். கிசான் திட்டத்தில் சுமார் 8.7 கோடி பேருக்கு 2,000 ரூபாய் ஏப்ரல் முதல் வாரத்திலேயே போடப்படும்.

இதில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. அது கூடுதல் பணம் கிடையாது. பி.எம். கிசானில் வருஷத்துக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 வீதம் மூன்று தவணையாக வரும். ஏப்ரல் முதல் ஜூலைக்குள் வரவேண்டிய தவணையை ஏப்ரல் தொடக்கத்திலேயே முன்கூட்டிப் போட்டார்கள். அந்த வருஷமும் மொத்தம் 6,000தான். ஆகவே "எனக்கு கிசான் பணம் வந்தது, கொரோனாப் பணம் தனியாக வரவில்லை" என்று யாராவது சொன்னால், இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் குழப்பத்தில் வேளாண் அலுவலகத்துக்கு நாலு நடை நடந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

2,000 ரூபாய்க்கு இரண்டு மூட்டை டி.ஏ.பி. உரம் கூட முழுசாக வராது. இருந்தாலும், 2020 மே 5 அன்று கோயம்பேடு மார்க்கெட்டை மூடி, பிறகு காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றிய அந்த நாட்களில், கையில் காசே இல்லாத வீட்டில் அது ஆள் கூலிக்கு ஆயிற்று, மருந்துக்கு ஆயிற்று. சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். ஆறு தவணை நின்றிருந்தால் 12,000 ரூபாய்.

பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு இந்த நாட்களை ஒட்டி 2,000 வரவு இருக்கிறதா என்று பாருங்கள்: 2020 ஏப்ரல், 2020 ஆகஸ்ட் 9, 2020 டிசம்பர் 25, 2021 மே 14, 2021 ஆகஸ்ட் 9, 2022 ஜனவரி 1. பெருந்தொற்றுக் காலத்தில் பணம் விடுவிக்கப்பட்ட நாட்கள் இவை. சிலருக்குச் சில நாள், சில வாரம் தள்ளி ஏறியிருக்கலாம். பாஸ்புக்கில் அந்தப் பக்கங்கள் பதிவாகாமல் இருந்தால் வங்கியில் தேதியைச் சொல்லி ஸ்டேட்மெண்ட் கேளுங்கள். ஏ.டி.எம். மினி ஸ்டேட்மெண்டில் கடைசிச் சில வரிகள்தான் வரும், அது உதவாது.

உங்களுக்குத் தகுதி இருக்கிறதா?

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நிலம் உங்கள் பெயரில் வருவாய்த்துறைப் பதிவேட்டில் இருக்கவேண்டும். 2019 பிப்ரவரி 24 அன்று திட்டத்தைத் தொடங்கியபோது 2 ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. 2019 ஜூன் முதல் நில அளவு வரம்பை எடுத்துவிட்டார்கள். குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பணம்தான். கணவன் பெயரில் ஒரு பட்டா, மனைவி பெயரில் ஒரு பட்டா இருந்தாலும் ஒருவர்தான் வாங்கலாம். 2025-ல் இப்படி இருவரும் வாங்கும் கணக்குகளைத் தேடிப்பிடித்து நிறுத்தி, நேரில் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பணம் திடீரென்று நின்றிருந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம்.

முக்கியமான தேதி 2019 பிப்ரவரி 1. அன்றைக்கு நிலம் யார் பெயரில் இருந்ததோ அவருக்குத்தான் தகுதி. அதற்குப்பின் கிரயம் வாங்கியவருக்கு இல்லை. நிலத்துக்காரர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அத்தைக்கு வழி திறந்தது இந்த விலக்கால்தான்.

யாருக்குக் கிடையாது? இப்போது அல்லது முன்பு எம்.எல்.ஏ., எம்.பி., அமைச்சர், மேயர், மாவட்டப் பஞ்சாயத்துத் தலைவர் பதவியில் இருந்தவர்கள், அரசு ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள் (கடைநிலை ஊழியர்களுக்கு விலக்கு உண்டு), மாதம் 10,000 ரூபாய் அல்லது அதற்குமேல் ஓய்வூதியம் வாங்குபவர்கள், கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர்கள், பதிவு செய்து தொழில் செய்யும் டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆடிட்டர், ஆர்க்கிடெக்ட். குடும்பத்தில் ஒருவர் இப்படி இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கே இல்லை. மகன் 18 வயதைத் தாண்டி வேலைக்குப் போய் வரி கட்டினால் அப்பாவுடைய தகுதி போகாது. அவன் தனிக் குடும்பம். இது தெரியாமல் "பையன் ஐ.டி.யில இருக்கான், நமக்கு வராது" என்று விண்ணப்பிக்காமலே இருந்த பெரியவர்கள் பலர்.

குத்தகைக்கு உழுகிறவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. கோயில் நிலத்தைத் தலைமுறையாகச் சாகுபடி செய்கிறவர்களுக்கும் இல்லை. ஊரடங்கில் மண்ணில் இறங்கி வேலை பார்த்தது அவர்கள்தான். பட்டாக்காரர் சென்னையில் இருந்தாலும் பணம் அவருக்கே போயிற்று. என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். ஒவ்வொரு குறைதீர்க் கூட்டத்திலும் இதைப் பேசவேண்டும் என்று நினைக்கிறேன்.

கணக்கின் நிலையை எப்படிப் பார்ப்பது

பி.எம். கிசான் இணையதளத்தை நேராகத் திறங்கள். முகவரியின் கடைசியில் 'ஜிஓவி டாட் இன்' இருக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் பி.எம். கிசான் என்ற பெயரில் ஏ.பி.கே. ஃபைல் வந்தால் தொடாதீர்கள். அதை இன்ஸ்டால் செய்தால் உங்களுக்கு வரும் ஓ.டி.பி.யை வேறொருவன் படித்துக் கணக்கைக் காலி செய்துவிடுவான். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். அது சைபர் குற்றங்களுக்கான எண்.

தளத்தில் 'ஃபார்மர்ஸ் கார்னர்' என்ற பகுதி இருக்கும். அதில் 'நோ யுவர் ஸ்டேட்டஸ்' என்பதை அழுத்தினால் பதிவு எண்ணைக் கேட்கும். பதிவு எண் தெரியாதவர்கள்தான் அதிகம். அந்தப் பக்கத்திலேயே பதிவு எண்ணைத் தெரிந்துகொள்ளும் இணைப்பு இருக்கிறது. செல்போன் எண்ணையோ ஆதார் எண்ணையோ கொடுத்தால் ஓ.டி.பி. வரும், அதைப் போட்டால் பதிவு எண் வந்துவிடும். அதை உடனே பாஸ்புக்கின் உள் அட்டையில் பேனாவால் எழுதிவையுங்கள்.

நிலைப் பக்கம் திறந்ததும் எல்லாரும் கடைசித் தவணை வந்ததா என்றுதான் தேடுவார்கள். அதற்கு முன்னால் பார்க்கவேண்டியது மூன்று வரிகள்: 'லேண்ட் சீடிங்' (நில விவரம் ஏறியிருக்கிறதா), 'இ-கே.ஒய்.சி.' (ஆதார் வழியாக ஆள் நீங்கள்தான் என்று உறுதியாகியிருக்கிறதா), 'ஆதார் பேங்க் அக்கவுண்ட் சீடிங்' (வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா). மூன்றுக்கும் நேராக 'யெஸ்' இருக்கவேண்டும். ஒன்றில் 'நோ' இருந்தாலும் பணம் நிற்கும். எதில் 'நோ' என்பதைப் பொறுத்து நீங்கள் போகவேண்டிய அலுவலகமே மாறும். நிலம் என்றால் வேளாண் அலுவலகமும் வி.ஏ.ஓ.வும். இ-கே.ஒய்.சி. என்றால் பொது சேவை மையம் அல்லது உங்கள் செல்போன். வங்கி என்றால் வங்கி. இதைப் பார்க்காமல் கிளம்பினால், வங்கியில் போய் நில விவகாரத்தைக் கேட்டு, அவர்கள் தாலுகா ஆபீஸைக் காட்ட, அங்கே இருப்பவர் வேளாண் அலுவலகத்தைக் காட்ட, ஒரு நாள் கூலி போய்விடும்.

கீழே தவணைவாரியாகச் சில சொற்கள் வரும். 'ஆர்.எஃப்.டி. சைண்டு பை ஸ்டேட்' என்றால் மாநில அரசு உங்கள் விவரத்தைச் சரிபார்த்து, பணம் போடச் சொல்லி மத்திய அரசுக்கு அனுப்பிவிட்டது என்று அர்த்தம். 'எஃப்.டி.ஓ. ஜெனரேட்டட், பேமென்ட் கன்ஃபர்மேஷன் பெண்டிங்' என்றால் பணம் அனுப்பும் உத்தரவு போய்விட்டது, வங்கிப் பக்கத்தில் இருந்து உறுதி வரவில்லை. இந்த இரண்டும் இருந்தால் சில நாள் பொறுக்கலாம். மாதக்கணக்கில் அப்படியே நின்றால் வங்கிக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தில் 'நோ' என்றால்

பட்டா, சிட்டாவைத் தமிழக அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்தால் வந்துவிடும். அதில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். இறந்துபோன அப்பா, தாத்தா பெயரிலேயே இருந்தால் முதலில் பட்டா மாறுதல். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று இவற்றோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடவேண்டும். உட்பிரிவு செய்யவேண்டுமென்றால் சர்வேயர் வந்து அளப்பார், அதற்கு நாள் ஆகும். கூட்டுப்பட்டாவில் உங்கள் பெயரும் இருந்தாலே போதும். அண்ணன் தம்பி ஒவ்வொருவரும் தனிக் குடும்பமாக இருந்தால் ஒவ்வொருவரும் விண்ணப்பிக்கலாம். தனிப்பட்டா ஆகட்டும் என்று வருஷக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

பட்டா சரியாக இருந்தும் 'நோ' என்று வந்தால், பட்டா சிட்டா நகல், ஆதார், பாஸ்புக் நகலோடு உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். நில விவரத்தை அவர்கள்தான் ஏற்றவேண்டும். கொடுத்த காகிதத்துக்கு ஒப்புகை வாங்குங்கள். நகலில் முத்திரையும் தேதியும் போட்டுக் கொடுத்தால் போதும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஓர் அலுவலகத்தில் ஒரே நகலை மூன்று முறை கொடுத்தார். மூன்று முறையும் "வரலையே" என்றார்கள். நான்காவது முறை முத்திரை வாங்கிவந்தார், அடுத்த தவணைக்குள் சரியாகிவிட்டது.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கும் வேலை 2025-ல் தமிழ்நாட்டில் முழுவீச்சில் நடந்தது. ஆதார், ஆதாரோடு இணைத்த செல்போன், சிட்டா இருந்தால் பொது சேவை மையத்திலோ வேளாண் துறை முகாமிலோ கட்டணமில்லாமல் எடுத்துவிடலாம். பல திட்டங்களுக்கும் இந்த எண்ணைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். உங்களிடம் இல்லை என்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். எல்லா சர்வே எண்களும் ஏறியிருக்கிறதா என்று கிளம்புமுன் திரையைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இ-கே.ஒய்.சி.யில் 'நோ' என்றால்

மூன்று வழி. ஆதாரோடு செல்போன் எண் இணைந்திருந்தால் தளத்திலேயே ஓ.டி.பி. போட்டு முடிக்கலாம். இல்லையென்றால் பொது சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம். கைரேகையும் விழவில்லை என்றால் 2023-ல் வந்த முகப்பதிவு வசதி இருக்கிறது, பி.எம். கிசான் செயலியில் முகத்தைக் காட்டினால் ஆயிற்று.

இந்த மூன்றாவது வழியைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மண்வெட்டி பிடித்த கையில் ரேகை எங்கே இருக்கும்? ஒரு பாட்டி மெஷினில் கட்டைவிரலை வைத்து வைத்துப் பார்த்தார். விழவில்லை. எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக் கழுவி வைத்தார், விழவில்லை. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து வைத்தார். பத்து விரலும் முடிந்தது. வாழைக்கறை ஏறி வெடித்த அந்த விரல்களைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கடைசியில் பேத்தியின் போனில் முகத்தைக் காட்டினார், இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நல்ல வெளிச்சத்தில், சுவரை ஒட்டி உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். போன் கேட்கும்போது கண்ணைச் சிமிட்டவேண்டும்.

ஆதாரில் இருக்கும் பெயரும் பதிவில் இருக்கும் பெயரும் வேறாக இருப்பதும் அடிக்கடி பார்க்கிற கோளாறு. இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில். ஆங்கில எழுத்தில் ஒரு 'எச்' கூடுதலாக. ரேஷன் கார்டில் வீட்டுப் பெயர், ஆதாரில் பள்ளிப் பெயர். தளத்தில் ஆதாரின்படி பெயரைத் திருத்தும் வசதி இருக்கிறது. ஆதாரிலேயே தப்பு என்றால் முதலில் ஆதார் மையத்தில் திருத்திவிட்டுத்தான் இங்கே வரவேண்டும். எது மூலமோ அதை முதலில் சரிசெய்யுங்கள்.

வங்கியில் 'நோ' என்றால்

இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். "ஆதாரைப் பேங்க்ல கொடுத்துட்டேனே" என்பார்கள். ஆதார் நகலைக் கொடுத்துக் கணக்கோடு சேர்ப்பது ஒன்று. அரசு மானியம் எந்தக் கணக்குக்குப் போகவேண்டும் என்று தேசியப் பட்டுவாடாக் கழகத்தின் பட்டியலில் ஏற்றுவது வேறு. பி.எம். கிசான் பணம் இரண்டாவதைப் பார்த்துத்தான் வரும். நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணுக்கு வரவேண்டும் என்றில்லை. கடைசியாக எந்த வங்கியில் இந்த இணைப்பைக் கொடுத்தீர்களோ அங்கே போய்விடும். "பணம் வரவே இல்லை" என்று ஒரு வருஷம் புலம்பிய ஒரு சித்தப்பாவுக்கு, நூறு நாள் வேலைக்காகத் திறந்து மறந்துபோன தபால் அலுவலகக் கணக்கில் மூன்று தவணையும் பத்திரமாக இருந்தது.

எந்த வங்கி என்று ஆதார் ஆணையத்தின் 'மை ஆதார்' தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் தெரியும். வங்கிப் பெயரும், இணைப்பு நடப்பில் இருக்கிறதா என்பதும் வரும். நடப்பில் இல்லை என்றால் வங்கிக்குப் போய் "டி.பி.டி.க்கு ஆதார் சீடிங் செய்யவேண்டும்" என்று அந்தச் சொற்களிலேயே கேளுங்கள். டி.பி.டி. என்றால் அரசுப் பணம் நேராகக் கணக்குக்கு வருவது. அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. வெறுமனே "ஆதார் லிங்க்" என்று கேட்டால் நகலை வாங்கிவைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். சில நாள் கழித்து மறுபடி 'மை ஆதார்' தளத்தில் பார்த்து உறுதிசெய்யுங்கள். வங்கி இழுத்தடித்தால் தபால்காரரிடம் கேளுங்கள். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியில் கைரேகை வைத்துக் கணக்குத் திறந்து, இந்த இணைப்பையும் சேர்த்தே செய்துவிடலாம்.

கொரோனா காலத்துத் தவணை நின்றதற்கு வங்கிப் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. 2020 ஏப்ரல் 1 அன்று, ஊரடங்கின் நடுவே, சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. வங்கிக் கிளையைக் குறிக்கும் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் பிறகு செல்லாமல் போயின. அதற்கு ஒரு வருஷம் முன்பு பல்லவன் கிராம வங்கியும் பாண்டியன் கிராம வங்கியும் சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆகியிருந்தது. உங்கள் கணக்கு இந்த வங்கிகளில் எதிலாவது இருந்தால், பதிவில் பழைய எண் கிடக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

நின்றுபோன பழைய தவணையைக் கேட்க முடியுமா?

முடியும், ஒரு நிபந்தனையோடு. திட்டத்தின் விதி இதுதான்: எந்த நான்கு மாதக் காலத்தில் உங்கள் பெயரை மாநில அரசு ஏற்றியதோ, அந்தக் காலத்தில் இருந்து உங்களுக்கு உரிமை தொடங்குகிறது. அதற்குப்பின் ஆதார் பிழை, வங்கிப் பிழை என்று எதனாலாவது பணம் நின்றால், பிழை தீர்ந்ததும் நிலுவைத் தவணைகள் எல்லாம் சேரவேண்டும். தகுதியே இல்லை என்று நிராகரித்திருந்தால் மட்டும் கிடையாது.

ஆகவே 2020 ஏப்ரலுக்கு முன்பே பதிவாகி, ஏதோ ஒரு பிழையால் நின்றிருந்தால், அந்த 2,000 உங்களுடையது. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஆதார் பெயர்ப் பிழையால் இரண்டு தவணை நின்றிருந்தது. 2021-ல் திருத்தினோம். பிறகு இரண்டும் ஒரே வாரத்தில் ஏறின. ஆனால் பிழையைத் திருத்தினால் தானாக வந்துவிடும் என்று சும்மா இருக்கவேண்டாம். எந்தத் தவணை வரவில்லை என்று தேதியோடு எழுதிப் புகார் கொடுங்கள். வழி கீழே சொல்கிறேன்.

அத்தைக்கு அந்த 2020 ஏப்ரல் பணம் கிடைக்கவில்லை. அப்போது அவர் பெயர் பதிவிலேயே இல்லை. மாமா இறந்த உடனே பட்டாவை மாற்றியிருந்தால் கிடைத்திருக்கும். துக்க வீட்டில் யாருக்கு அது தோன்றும்? அதனால்தான் உறவுக்காரர்கள் யாராவது ஒருவர், பதினாறாம் நாள் கழிந்ததும் இதை எடுத்துச் சொல்லி, கூடவே அலையவேண்டும்.

பதிவு செய்தவர் இறந்துவிட்டால் வேளாண் அலுவலகத்தில் தெரிவித்துவிடுங்கள். இறந்த பிறகும் அவர் கணக்கில் தவணை ஏறியிருந்தால் எடுத்துச் செலவழிக்கவேண்டாம், திருப்பிக் கேட்பார்கள். பட்டா மாறியதும் வாரிசு தன் பெயரில் புதிதாகப் பதிவு செய்யவேண்டும். 'நியூ ஃபார்மர் ரிஜிஸ்ட்ரேஷன்' பக்கத்தில், நிலம் எப்படி வந்தது என்று கேட்கும் இடத்தில், இறப்பினால் வந்தது என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே தவறினால் 2019 பிப்ரவரி தேதியைக் காட்டி நிராகரித்துவிடும்.

தகுதியில்லாமல் வந்திருந்தால்

இதையும் பேசித்தான் ஆகவேண்டும். 2020-ல் ஊரடங்கின்போது பதிவு எளிதாக்கப்பட்டதைப் பயன்படுத்தி, தமிழ்நாட்டில் பெரிய மோசடி நடந்தது. வேளாண் அலுவலர்களின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கைப்பற்றி, கம்ப்யூட்டர் சென்டர்களில் உட்கார்ந்து, நிலமே இல்லாதவர்களை விவசாயி என்று ஏற்றினார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று பல மாவட்டங்கள். செப்டம்பர் 2020-ல் அப்போதைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி சொன்ன கணக்கு, சுமார் 5.5 லட்சம் பேர், 110 கோடி ரூபாய். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. கைதும் பணிநீக்கமும் நடந்தன. கணக்குகளில் இருந்து பணத்தைத் திரும்ப எடுத்தார்கள்.

அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் திருடர்கள் என்று நான் நினைக்கவில்லை. "கொரோனாப் பணம் வருது, ஆதாரையும் பாஸ்புக்கையும் கொடு" என்று சொன்னவனை நம்பிக் கொடுத்த கூலிக்காரர்கள் நிறைய. வந்த பணத்தில் அவனுக்குப் பங்கும் கொடுத்தார்கள், பிறகு முழுத்தொகையையும் தாங்களே கட்டினார்கள். அப்படி யாருக்காவது இன்னும் நிலுவை இருந்தால், அல்லது வருமான வரி கட்டத் தொடங்கிய பிறகும் தவணை வந்துகொண்டிருந்தால், தளத்தில் 'ஆன்லைன் ரீஃபண்ட்' மூலம் கட்டிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இனிமேல் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கவும் தளத்தில் தனி வசதி இருக்கிறது. உங்கள் ஆதாரையும் ஓ.டி.பி.யையும் கொடுத்து வேலை செய்யவேண்டி வந்தால், திரை தெரியும்படி பக்கத்தில் உட்காருங்கள்.

கூட்டுறவுக் கடன் வாங்கியிருந்தவர்களுக்கு

இது பி.எம். கிசானில் சேராது. ஆனாலும் அதே காலத்து நிவாரணம் என்பதால் சேர்த்துச் சொல்கிறேன். 2021 பிப்ரவரி 5 அன்று தமிழக அரசு கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது: 16.43 லட்சம் விவசாயிகள், 12,110 கோடி ரூபாய், 2021 ஜனவரி 31 வரை நிலுவையில் இருந்த கடன்கள். உங்கள் கடனும் அதில் இருந்ததென்றால் தள்ளுபடிச் சான்று கையில் இருக்கிறதா, அடகு வைத்த நகையும் பத்திரமும் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். சான்று வாங்காமல் விட்டவர்கள் சங்கத்தில் கடன் நிலுவையில்லாச் சான்றாவது எழுதி வாங்குங்கள்.

புகார் கொடுக்கும் வழி

வரிசையாகப் போங்கள். முதலில் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுத்துமூலம், ஒப்புகையோடு. கூடவே பி.எம். கிசான் உதவி எண் 155261 அல்லது கட்டணமில்லா எண் 1800-115-526. லைன் கிடைப்பது கஷ்டம், காலையில் அலுவலகம் திறந்த நேரத்தில் முயன்றால் கிடைக்கும். தளத்தில் 'ஹெல்ப் டெஸ்க்' பகுதியில் புகார் பதிந்தால் ஒரு எண் வரும், குறித்துக்கொள்ளுங்கள். 'கிசான் இ-மித்ரா' என்ற உரையாடல் வசதியில் தமிழிலும் கேட்கலாம்.

ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் கலெக்டர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். மனு நீளமாக வேண்டாம். பெயர், பதிவு எண், சர்வே எண், வராத தவணைகளின் தேதி, நிலைப் பக்கத்தில் இருக்கும் காரணம், ஏற்கெனவே கொடுத்த மனுவின் ஒப்புகை நகல். இவ்வளவு இருந்தால் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும், படிக்கிறவருக்கும் எங்கே அனுப்பவேண்டும் என்று உடனே தெரியும்.

அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மூன்று கேள்வி போதும்: என் விண்ணப்பம் எந்தத் தேதியில் மாநில அளவில் ஒப்புதல் பெற்றது? எந்தெந்தத் தவணை நிறுத்தப்பட்டது, என்ன காரணம்? அதைச் சரிசெய்ய எந்த அலுவலர் பொறுப்பு? 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். முதல் கேள்வியை விட்டுவிடாதீர்கள், பழைய நிலுவையைக் கேட்கும் உங்கள் உரிமை அந்தத் தேதியில்தான் நிற்கிறது.

அத்தையின் பட்டா 2021 ஆடியில் மாறியது. அப்புறம் பதிவு போட்டோம், ஒப்புதலுக்கு மேலும் சில மாதம் ஆயிற்று. 2025 நவம்பர் 19 அன்று பிரதமர் கோயம்புத்தூரில் 21-வது தவணையை விடுவித்தார். அந்த வாரம் அத்தை பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வந்து, அதே திண்ணையில் உட்கார்ந்து, தன் பெயருக்கு நேரே இருந்த 2,000-ஐ விரலை வைத்துக் காட்டினார். உள் அட்டையில் நான் எழுதிக்கொடுத்த பதிவு எண்ணின் மேல் செல்லோ டேப் ஒட்டியிருந்தார், மை அழிந்துவிடக்கூடாது என்று.